பன்றிக்கு எந்தத் தோட்டா? கேட்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

புரட்டாசியில் விதைத்த மானாவாரி மக்காச்சோளம் மார்கழி பிறக்கும்போது பால் பிடிக்கும். கரிசல் காட்டில் காட்டுப்பன்றி இறங்குவதும் அப்போதுதான். குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் ஒரே இரவில் அரை ஏக்கர் சாய்ந்துபோன காட்டை விடியற்காலையில் பார்த்து நிற்கும் சம்சாரிக்கு முதலில் வரும் நினைப்பு துப்பாக்கிதான். சங்கரன்கோவில் வட்டாரத்தில் பழைய பயிர்க் காவல் உரிமம் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் சில இருக்கின்றன. உரிமம் இல்லாதவர்கள் அது எப்படிக் கிடைக்கும் என்று விசாரிக்கிறார்கள். வைத்திருப்பவர்கள் கேட்பது வேறு: "எந்த ரவை போட்டால் பன்றி விழும்?"

அதற்குப் பதில் உண்டு. ஆனால் தோட்டாவைப் பற்றித் தெரிந்துகொள்வதற்கும் அதைப் பன்றி மேல் சுடுவதற்கும் நடுவில் ஒரு சட்டம் நிற்கிறது. முதலில் தோட்டாவைப் பார்ப்போம்.

நம் ஊர்களில் பயிர்க் காவலுக்கு இருப்பவை இரண்டு வகை. ஒன்று, குழல் வாய் வழியாகக் கரிமருந்தும் ரவையும் இட்டுக் கெட்டித்து, கேப்பு வைத்துச் சுடும் வாய்க்கெட்டித் துப்பாக்கி. இன்னொன்று, பின்பக்கம் மடக்கித் தோட்டா போடும் ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் துப்பாக்கி. இதில் 12 போர்தான் அதிகம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எந்த அளவு இருக்குமோ, அதுவே குழலின் உள் அகலம், சுமார் 18.5 மில்லிமீட்டர். அதனால்தான் எண் கூடக்கூடக் குழல் சிறுக்கிறது. 20 போர் துப்பாக்கி 12 போரைவிடச் சிறியது.

தோட்டாவின் மேல் அச்சிட்ட எண் ரவையின் அளவைச் சொல்லும். இதிலும் எண் கூடினால் ரவை சிறியது. 8-ஆம் எண் ரவை கடுகைவிடச் சற்றுப் பெரியது, 2.2 மில்லிமீட்டர். 6-ஆம் எண் 2.6 மில்லிமீட்டர், ஒரு அவுன்சில் சுமார் 270 ரவை. 4-ஆம் எண் 3.1 மில்லிமீட்டர். இவை அந்தக் காலத்தில் காடை, கௌதாரி, முயல் என்று சிறு வேட்டைக்கு வைத்திருந்தவை. எண் இல்லாமல் எழுத்து போட்டு வருபவை பெரியவை: பி.பி. 4 மில்லிமீட்டர், எஸ்.ஜி. 8 மில்லிமீட்டருக்கு மேல், எல்.ஜி. 9 மில்லிமீட்டர். எல்.ஜி. தோட்டாவில் மொத்தமே ஆறு குண்டுகள்தான். எஸ்.ஜி.யில் எட்டு, ஒன்பது இருக்கும்.

கொழுத்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டையில் தோல் கெட்டியாகித் தகடு போல இருக்கும். 6-ஆம் எண் ரவை அதில் ஏறி நின்றுவிடும், உள்ளே போகாது. அடிபட்ட பன்றி அந்த இடத்தில் விழாது. ஓடி, புதரில் படுத்து, மறுநாள் புல்லறுக்க வரும் பெண் மேல் பாயும். பெரிய விலங்குக்குச் சிறு ரவை போடுவதைவிடப் போடாமல் இருப்பது மேல் என்று பழைய வேட்டைக்காரர்கள் சொன்னதற்குக் காரணம் இதுதான். எல்.ஜி. உள்ளே போகும். ஆனால் வாய் குறுக்கப்படாத நேர்க்குழலில் 40 கெஜம் தூரத்தில் ஆறு குண்டும் ஒரு மீட்டருக்கு மேல் விரிந்துவிடும். பன்றி மேல் ஒன்றோ இரண்டோ படலாம், ஒன்றுமே படாமலும் போகலாம். எனவே எல்.ஜி.யை நம்பக்கூடிய தூரம் 30 மீட்டர்தான். பாலேறிய சோளக்காட்டுக்குள், டார்ச் வெளிச்சத்தில், 30 மீட்டரில் எது பன்றி, எது காவலுக்கு வந்து படுத்திருக்கும் அடுத்த காட்டுக்காரர் என்று தெரியாது.

படாத குண்டு எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரவை அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: ரவையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2,200-ஆல் பெருக்கினால் கெஜத்தில் தூரம் வரும். 6-ஆம் எண் ரவைக்கு இது சுமார் 200 மீட்டர். எல்.ஜி.க்கு 700 மீட்டரைத் தாண்டுகிறது. கரிசல் காடு மேசை போலச் சமதளம். குண்டைத் தடுக்க மேடும் இல்லை, மரமும் இல்லை. 700 மீட்டருக்குள் ஒரு கிடையோ, ஒரு கிணற்று மோட்டார் அறையோ, ரோட்டில் போகும் டவுன் பஸ்ஸோ இல்லாத இடம் இந்த வட்டாரத்தில் குறைவு.

தவறான தோட்டா சுடுபவரையே கொல்லும். பழைய துப்பாக்கிகளில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர் நீளம். இப்போது 70 மில்லிமீட்டர் தோட்டாவும் கடையில் கிடைக்கிறது. அது பழைய அறையிலும் தடையில்லாமல் உள்ளே போய்விடும். ஏனென்றால் அந்த நீளம் சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் அளந்தது. சுடாத தோட்டா அதைவிடக் குட்டை. சுடும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அறையின் அளவு குழலின் அடியில் பொறித்திருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் அளந்து சொல்வார்கள். அதே போல 12 போர் குழலுக்குள் 20 போர் தோட்டாவைத் தவறிப் போட்டால் அது நழுவி, அறைக்கு முன்னால் குழலில் சிக்கிக்கொள்ளும். வெடிக்கவில்லையே என்று அடுத்த 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். வாய்க்கெட்டித் துப்பாக்கியில் கரிமருந்து தவிர வேறு எதையும் இடக்கூடாது. தோட்டாவைப் பிரித்து எடுத்த புகையில்லா மருந்தை அதில் கெட்டிப்பது கையைத் தானே வெட்டிக்கொள்வதற்குச் சமம். ஜமீன் காலத்துச் சுருள் இரும்புக் குழல்கள் பரணில் கிடந்தால் அங்கேயே கிடக்கட்டும். இன்றைய தோட்டாவை அவை தாங்காது. மழையில் நனைந்து உப்பிய அட்டைத் தோட்டாவும் அப்படித்தான்.

இனி சட்டம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பயிர்க் காவலை மறக்கவில்லை. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்க்கெட்டித் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள வேறு வழுக்குக்குழல் துப்பாக்கிக்கும் தரலாம் என்று 13-ஆம் பிரிவு சொல்கிறது. விண்ணப்பித்தால் காவல் துறை அறிக்கை, மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று எல்லாம் கேட்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வைத்திருக்கக்கூடாது. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போய்விடும். பன்றி தேர்தல் பார்த்து வருவதில்லை என்று சம்சாரிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

புளியங்குடி, சிவகிரி, வாசுதேவநல்லூர் மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. மேலே இருப்பது நெல்லை வனஉயிரினச் சரணாலயம். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் உரிமதாரர்கள் தம் ஆயுதத்தை வனத்துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய உரிமம் தருவதற்கும் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே தனிக் குற்றம்.

இவ்வளவும் துப்பாக்கியை வைத்திருப்பதற்கு. அதைக் கொண்டு விலங்கைச் சுடுவதற்கு ஆயுத உரிமம் போதாது. பலரும் வழுக்குவது இந்த இடத்தில்தான். 1972-இல் வனஉயிரினச் சட்டம் வந்தபோது 'சிறு வேட்டை' என்று தனியே ஒரு பட்டியல் இருந்தது; அதற்கு உரிமமும் கொடுத்தார்கள். தாத்தா காலத்தில் முயல் அடித்த கதைகளில் அதுவும் ஒரு பகுதி. 1991 திருத்தத்தில் அந்த உரிமம் எடுக்கப்பட்டுவிட்டது. காகம், எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றை 'தீங்குயிரிகள்' என்று வைத்திருந்த ஐந்தாம் பட்டியலும் 2022 திருத்தத்தோடு போய்விட்டது. முயல், கௌதாரி இன்று பாதுகாக்கப்பட்ட உயிர்கள். விதைத்த மறுநாள் காட்டைக் கிளறும் மயில் முதல் பட்டியலில் இருக்கிறது. அதைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. உரிமம் தேவையில்லாத சிறு ஏர்கன் என்பதால் பறவை சுடலாம் என்று பொருள் இல்லை. அருணாச்சலப் பிரதேசத்தில் 2021-இல் தொடங்கிய ஏர்கன் ஒப்படைப்பு இயக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

காட்டுப்பன்றிக்கு மட்டும் ஒரு வழி திறந்திருக்கிறது. நிற்கும் பயிருக்கு ஆபத்தான விலங்கைக் காரணம் எழுதி, எழுத்து மூலம் ஆணையிட்டுக் கொல்ல அனுமதிக்கலாம் என்று 11-ஆம் பிரிவு சொல்கிறது. கேரளம் 2022-இல் இந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்து, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு சுடச் செய்கிறது. செங்கோட்டைக்கு அப்பால் முடிகிறதே, இங்கே ஏன் முடியாது என்ற கேள்வி இதிலிருந்துதான் வருகிறது. தமிழ்நாட்டில் முறை வேறு. 2025 ஜனவரியில் வந்த அரசு முடிவின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3 கிலோமீட்டருக்கு வெளியே வருவதைச் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறை. ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறைப் பணியாளர் கொண்ட கிராமக் குழு வழியாகத்தான் இது நடக்க வேண்டும்.

இந்த 3 கிலோமீட்டர் கணக்கு குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்துக்கு முக்கியம். அங்கே மேயும் பன்றி மேற்கு மலையிலிருந்து தினமும் நடந்து வருவதில்லை. கண்மாய்க்குள்ளும் ஓடைக்கரையிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் புதரிலேயே குட்டி போட்டு வளர்கிறது. ஆகவே மனு எழுதும்போது 'காட்டிலிருந்து வந்த பன்றி' என்று பொதுவாக எழுதாமல், சர்வே எண், காப்புக்காட்டிலிருந்து தூரம், பன்றி தங்கும் புதர் இருக்கும் கண்மாயின் பெயர், எந்தெந்த இரவு வந்தது என்று எழுத வேண்டும். ஒருவர் தனியாகக் கொடுப்பதைவிட அந்தப் புஞ்சையைச் சுற்றிய பத்துப் பேர் சேர்ந்து கொடுத்தால் குழு கூடும். சேதத்தை அதே நாளில் தேதி தெரியும்படி படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வனவருக்கும் வேளாண்மை அலுவலகத்துக்கும் தெரிவித்தால் இழப்பீட்டு மனுவுக்கும் அதுவே ஆதாரம். சாய்ந்த தட்டையை மாட்டுக்கு அறுத்துப் போட்ட பிறகு ஆய்வுக்கு வருபவருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

சுடப்பட்ட பன்றி அரசின் சொத்து, புதைத்துவிடுவார்கள். கறி பங்கு கேட்பது வழக்கை வீட்டுக்கு அழைப்பது.

அப்படியானால் உரிமத் துப்பாக்கிக்கு என்ன வேலை? அன்றைக்கும் அதன் முக்கிய வேலை சத்தம்தான். வாய்க்கெட்டியில் ரவை இல்லாமல் மருந்து மட்டும் இட்டுச் சுட்டால் அந்த அதிர்வுக்குக் கூட்டம் கலையும். இரண்டு மூன்று இரவு. பிறகு பழகிக்கொள்ளும். பன்றிக்குப் பார்வை மந்தம், ஆனால் மூக்கும் நினைவும் கூர்மை.

துப்பாக்கி கிடைக்காத கோபத்தில் சிலர் போகும் குறுக்கு வழிகள் அதைவிடக் கொடியவை. மாவுக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காய், ஆடு மாடு நாய் எல்லாவற்றின் வாயையும் கிழிக்கும். 2020-இல் பாலக்காட்டுப் பக்கம் சினை யானை ஒன்று வெடி வைத்த பழத்தால் வாய் சிதைந்து ஆற்றில் நின்றே இறந்ததை நாடே பார்த்தது. இரவில் மோட்டார் லைனிலிருந்து கம்பி இழுத்து வேலிக்கு மின்சாரம் கொடுப்பதில் மனிதர்களும் சாகிறார்கள். பெரும்பாலும் தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துக் காட்டுக்காரர், சில சமயம் கம்பி கட்டியவரின் மகன். சூரிய மின்வேலி வேறு. அது துடிப்பாகக் கொடுக்கும் அடி விரட்டும், கொல்லாது. அதற்கும் தமிழ்நாட்டில் 2023 முதல் தனி விதிகள் உண்டு. காட்டை ஒட்டிய நிலத்தில் அனுமதி வாங்கி, பதிவு செய்துதான் போட வேண்டும்.

மக்காச்சோளத்தைச் சுற்றி நான்கு வரிசை ஆமணக்கு நெருக்கி விதைத்தால் பன்றி நுழையத் தயங்கும். உள்ளே இருக்கும் சோளத்தின் வாடையும் மறையும். நிலக்கடலைக்கு முள் குசும்பா இதே வேலையைச் செய்யும். ஆமணக்கு சோளத்துக்குப் பதினைந்து இருபது நாள் முன்னால் முளைத்திருக்க வேண்டும். ஒன்றாக விதைத்தால் பயனில்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பன்றி விரட்டியைப் புட்டியில் ஊற்றி வரப்பைச் சுற்றித் தொங்கவிடலாம். மழை பெய்தால் மறுபடி கவனிக்க வேண்டும். எலிக்குத் துப்பாக்கியும் வேண்டாம், விரட்டியும் வேண்டாம். தஞ்சாவூர் கிட்டியும் ஆந்தை உட்காரக் குச்சியும் போதும்.

செலவில்லாத வழி ஒன்று, ஊர் கூடினால்தான் நடக்கும். ஒரு புஞ்சைப் பரப்பில் எல்லோரும் ஒரே வாரத்தில் விதைத்தால் பால் பிடிப்பதும் ஒரே சமயத்தில் வரும். பன்றி எல்லார் காட்டிலும் பரவி மேயும், ஒருவர் மட்டும் அழியமாட்டார். காவலும் முறை வைத்துப் பார்க்கலாம். முந்தி விதைத்தவரும் பிந்தி விதைத்தவரும்தான் முழுதாக இழக்கிறார்கள். கண்மாய்ச் சீமைக்கருவேலத்தை ஊராட்சி ஏலம் விட்டு வெட்டும் வேலையை விதைப்புக்கு முன், ஆடிக்குள் முடித்துவிட்டால், பால் பிடிக்கும் மார்கழியில் பன்றிக்குப் பகலில் படுக்க இடம் இருக்காது.