குழந்தையோடு சென்னையைச் சுத்தணுமா? ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும்!

காலையில் மியூசியம், மதியம் கிண்டி சிறுவர் பூங்கா, சாயங்காலம் மெரினா. கேட்க சூப்பர் பிளான்தான். ஆனால் மதியம் 1 மணிக்கு மூணு வயசுக் குழந்தை நடைபாதையில் உட்கார்ந்து அழும்போதுதான் புரியும், தூக்கத்துக்கு அந்த பிளானில் இடமே இல்லை என்று.

அதனால் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, 1851-ல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகம். காலை 9.30-க்குத் திறக்கும்; வெள்ளிக்கிழமை லீவு. (கிண்டி பூங்காவுக்கு செவ்வாய். கிளம்பும் முன் ஒருமுறை செக் பண்ணிடுங்க.)

எல்லா கட்டடத்தையும் பார்த்தே தீரணும்னு இல்லை. சோழர் கால வெண்கலச் சிலைகள் உங்களுக்குப் பொக்கிஷம்; வாண்டுக்கோ பத்து நிமிடம் தாங்கினாலே பெரிய விஷயம். முதலில் திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்டுங்கள். அடுத்து குழந்தைகள் அருங்காட்சியகத்து டைனோசர். பிறகு வளாகத்து மர நிழலில் ஓடவிடுங்கள். பல குழந்தைகளுக்கு நினைவில் நிற்பது அந்த ஓட்டம்தான்.

எழும்பூர் வரை மெட்ரோவில் போனால் பயணமே பாதி விளையாட்டு. ஸ்ட்ரோலர் இருந்தால் லிஃப்ட்டும் உண்டு. அங்கிருந்து ஆட்டோ. தண்ணீர், மாற்று உடை, வீட்டு இட்லி பையில் இருக்கட்டும். 12 மணிக்குள் திரும்பிவிட்டால் தூக்கம் கெடாது.

மெரினா இன்னொரு நாள், வெயில் தாழ்ந்த பிறகு. அலை இழுக்கும் கடல் அது. கால் நனைக்கும்போதும் கையை விடாதீர்கள். கூட்டத்தில் தவறிவிட்டால் உதவ, உங்கள் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி குழந்தையின் பாக்கெட்டில் வைத்துவிடுங்கள்.