செக்கச்செவேல் ஹாலும் திருச்சி டென்ட் கொட்டகையும்

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடிச்சு இன்டர்வியூவுக்கு சென்னை போறீங்களா மக்களே? ஊர் திரும்புறதுக்குள்ள சென்ட்ரல் பக்கம் ஒரு எட்டு போயிட்டு வாங்க. வெள்ளை வெளேர் ரிப்பன் கட்டடத்துக்குப் பக்கத்துல செக்கச்செவேல்னு நிற்குமே, அதுதான் விக்டோரியா பப்ளிக் ஹால். மகாராணி பட்டத்துக்கு வந்து 50 வருஷம் ஆனதைக் கொண்டாட வைத்த பெயர். டிசைன் ராபர்ட் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டி.

கோபுர உச்சியைப் பாருங்க, திருவிதாங்கூர் பாணிக் கூரை! கீழே வந்தா வளைவு வளைவா ஐரோப்பா. கீழ்த்தளத்துல மட்டும் சுமார் 600 பேர் உட்காரலாம். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபா நாடகம் போட்ட இடம். 1890-களில் சென்னைக்காரங்க 'ஓடுற படத்தை' வாய் பிளந்து பார்த்ததும் இங்கேதான். அந்த சினிமாப் பித்து 1905-ல் நம்ம திருச்சி ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட்டையும் பிடிச்சது. பிரெஞ்சுக்காரர் டுபான்ட்கிட்ட புரொஜெக்டரை வாங்கி, வேலையை உதறிட்டு, கூடாரத்தோட ஊர் ஊராக் கிளம்பிட்டார் மனுஷன்!

ஹால் மட்டும் பல வருஷம் பூட்டியே கிடந்தது. 2023-லதான் மாநகராட்சி சீரமைப்பைத் தொடங்கியது. செங்கலும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த சுவர் அது, ஈரத்தை வெளியே விடும். அதுமேல சிமென்ட்டைப் பூசினா ஈரம் உள்ளேயே தங்கி செங்கல் பொரிஞ்சு உதிரும். சிவில் படிக்கிற பாஸ், நம்ம ஊர்ப் பழைய கட்டடம் எதுலயாவது சிமென்ட் மூட்டை இறங்கினா, 'ஏண்ணே, சுண்ணாம்பு கிடைக்கலையா?'னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க.