தாத்தாவின் புல்லட்... இப்போது அப்பத்தா பெயரில்!

போடிநாயக்கனூரில் எங்கள் தெருமுனையில் புல்லட் சத்தம் கேட்டதுமே அப்பத்தா அடுப்பில் பாலை வைத்துவிடுவார். தாத்தா வண்டியை நிறுத்தி, முகம் கழுவி வந்து உட்காரும்போது காபி தயாராக இருக்கும். ஆனாலும், அந்த வண்டியை அப்பத்தா ஒருநாளும் பாராட்டியதில்லை. ‘எண்ணெய் குடிக்கிற எருமை’ என்றுதான் சொல்வார்.

தாத்தாவுக்கு மலை மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை வேலை. போக வர வசதியாக இருக்கட்டும் என்று செகண்ட் ஹேண்டில் வாங்கிய 350 சிசி புல்லட் அது. 1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் தொழிற்சாலையில் பிறந்தது. ‘நம்ம ஊர் வண்டி’ என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். (இங்கிலாந்து டிசைன் என்று அப்பா திருத்தினால் கோபம் வரும்.)

போடியிலிருந்து போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். பனிக்காலத்தில் சட்டைக்குள் பழைய பேப்பரை விரித்துக்கொண்டு கிளம்புவார். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு வருகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. “ஏறுன கியர்லயே இறங்கணும் பாப்பா. இன்ஜினே பாதி பிரேக் பிடிச்சுக்கும்” என்பார். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறி, அவசரத்துக்குப் பிடிக்காது. இன்றைக்கும் மலைப்பாதையில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

வண்டியைக் கிளப்புவது தனிக் கலை. பெட்ரோல் டேப்பைத் திறந்து, சாவியைப் போட்டு, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு, லீவரை விட்டு, ஒரே மிதி. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். பத்து வயதில் எனக்குக் கொடுக்கப்பட்ட பதவி, முள்ளைப் பார்த்து “இப்ப தாத்தா!” என்று கத்துவது. அதைவிடப் பெரிய பதவி எதுவும் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

எழுபத்திரண்டு வயதில் ஒரு மாலை, மலையிலிருந்து வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். எதிரே வந்த லாரி விளக்கில் சில நொடிகள் பாதையே தெரியவில்லையாம். அடி எதுவும் இல்லை. யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே சாவியை அப்பாவிடம் கொடுத்தார். “கண்ணு சரியா இல்லப்பா. என்னை விடு, எதுக்க வர்றவன் என்ன பாவம் செஞ்சான்?” அதற்கப்புறம் சாலையில் அவர் ஓட்டவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, கிளப்பிப் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பத்து நிமிடம் அப்பத்தா டி.வி-யை நிறுத்திவிடுவார்.

தாத்தா போன பிறகு, வண்டியை விற்கலாம் என்றார் அப்பா. நியாயம்தான். வலப்பக்கம் கியர், இடப்பக்கம் பிரேக் என்று எல்லாமே தலைகீழ். எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும் முதலில் ஆர்.சி-யில் பெயர் மாற்றியாக வேண்டும். இறந்தவர் வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பது தவறு. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆர்.சி, இன்ஷூரன்ஸ் ஆகியவற்றோடு படிவம் 31-ஐக் கொடுக்க வேண்டும். பழைய வண்டி என்பதால், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி புதுப்பிக்கும் வேலையும் உண்டு.

“யார் பேருக்கு மாத்தணும்?” என்று அப்பா கேட்டபோது, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அப்பத்தா, “ஏன், நான் இல்லையா?” என்றார்.

அப்படியே மாற்றியாகிவிட்டது. இதுவரை மூன்று பேர் வண்டியை விலைக்குக் கேட்டு வந்துவிட்டார்கள். மூவரையும் அப்பத்தா உதைத்துக் கிளப்பச் சொன்னார். இருவருக்குக் கிளம்பவில்லை. மூன்றாவது ஆள் கிளப்பிவிட்டார். அவரிடம் மட்டும், “காபி குடிச்சிட்டுப் போங்க தம்பி, யோசிச்சுச் சொல்றேன்” என்றிருக்கிறார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.