மலையை விட்டுக் கடலோரத்தில் வீடு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

ருவான்வெல்லை என்ற ஊர்ப் பெயருக்குள்ளேயே மணல் இருக்கின்றது. 'வெல்ல' என்ற சிங்களச் சொல் மணற்பரப்பைக் குறிப்பது. குருகொட ஓயா களனி கங்கையோடு சேருமிடத்தில் அமைந்த இந்நகரம், வீதிகள் செம்மைப்படாத காலத்தில் கொழும்பிலிருந்து ஆற்றுவழியே வந்த படகுகள் தங்கிச் சென்ற துறையாக விளங்கியது. கீழ்நாட்டு உப்பும் மேல்நாட்டுப் பாக்கும் கைமாறிய வணிகத்தில் முஸ்லிம் வணிகருக்கு முக்கிய பங்கிருந்தது. பின்னர் இறப்பர்த் தோட்டங்களோடு வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் இப்பிரதேசத்தைத் தம் ஊராக்கிக் கொண்டன.

அதே ஆற்றின் வழியே இன்று வேறொரு பயணம் நடைபெற்று வருகின்றது. ருவான்வெல்லை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய ஆகிய பகுதிகளின் இளந்தலைமுறையினர் தொழில் தேடிக் கொழும்புக்குச் செல்கின்றனர். வாடகை அறையில் சில ஆண்டுகளைக் கழித்தபின், மத்திய கிழக்கில் ஈட்டிய பணத்தையோ பெற்றோரின் ஊழியர் சேமலாப நிதியையோ கொண்டு சிறியதொரு வீடு வாங்க முற்படுகின்றனர். அவர்களது கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவை பெரும்பாலும் வெல்லம்பிட்டி, கொலன்னாவ, பேலியகொடை, மட்டக்குளி, ஹெந்தளை, வத்தளை போன்ற இடங்களின் தாழ்நிலங்களில் அமைந்த தரைமட்ட வீடுகளே. ருவான்வெல்லையைக் கடந்து ஓடும் ஆறு கடலை அடையும் இடமும் அதுவே.

மலையை விட்டு வெளியேற அவர்களுக்கு நியாயமான காரணங்கள் உள்ளன. 2016ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமற் போயும் ஒழிந்தனர். அன்றைய தினமே புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் அதிகமான உயிர்களைப் பறித்தபோது, மண்சரிவே மலையகத்தைப் பெரிதும் வதைத்தது. இந்நிலையில் சமவெளியில் ஒரு வீடு என்பது பாதுகாப்பைத் தேடும் முயற்சியாகவும் அமைகின்றது. எனினும் மண்ணுக்கு அஞ்சி ஓடியவர் தண்ணீரில் அகப்படாதிருக்க வேண்டுமாயின், வாங்கப்போகும் நிலத்தின் இயல்பை அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஆற்றின் கணக்கு

களனி கங்கையின் நீளம் சுமார் 145 கிலோமீற்றர். ஏறத்தாழ 2,300 சதுர கிலோமீற்றர் பரப்பில் பெய்யும் மழை இவ்வாற்றில் சேர்கின்றது. கெசல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ஆகிய தலைக்கிளைகளில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. ஆயினும் அவற்றுக்குக் கீழே வந்து சேரும் குருகொட ஓயா, சீதாவக்க ஓயா போன்ற கிளையாறுகளின் நீரை அவை தடுத்து நிறுத்த இயலாது. சப்ரகமுவைச் சரிவுகளில் ஒருநாள் முழுதும் கனமழை பெய்யுமாயின், அந்நீர் ஒன்றிரண்டு நாள்களில் கொழும்பின் வாசலைத் தட்டும்.

மலையில் வேகமாக ஓடிவரும் ஆறு அவிசாவளையைத் தாண்டியபின் தளர்ந்து பரவுகின்றது. கடலை நெருங்குமிடத்தில் நிலம் ஏறக்குறையக் கடல்மட்டத்திலேயே இருக்கின்றது. நெடுங்காலம் மணல் அகழப்பட்டதனால் ஆற்றின் அடித்தளம் பல இடங்களில் கடல்மட்டத்திற்குக் கீழே இறங்கிவிட்டது. வரட்சிக் காலத்தில் உப்புநீர் ஆற்றின் வழியே அம்பத்தலை நீரேற்று நிலையம்வரை எட்டிப் பார்ப்பதற்கு இதுவே காரணம். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்து முகத்துவாரத்தில் மணல் திரண்டிருந்தால், இறங்க வேண்டிய வெள்ளம் தயங்கி இருமருங்கும் ஏறுகின்றது. அப்போது வத்தளையில் ஒரு துளி மழை பெய்யாதிருப்பினும் வீட்டுக்குள் நீர் புகலாம். வானம் வெளித்திருக்கும் வேளையில் வருவதனாலேயே இவ்வெள்ளம் பலரை ஏமாற்றி விடுகின்றது.

இவ்வாற்றின் போக்கை நீர்ப்பாசனத் திணைக்களம் நோர்வூட், கிதுல்கலை, தெரணியகலை, ஹொலொம்புவ, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல, நாகலகம் வீதி ஆகிய இடங்களில் அளந்து வருகின்றது. கொழும்பு நாகலகம் வீதி அளவுகோலில் 5 அடி சிறுவெள்ளம். 7 அடி பெருவெள்ளம். 9 அடி ஆபத்தான வெள்ளம். 12 அடி உச்ச அபாயம். 1947 ஓகஸ்ட்டில் நீர் 12 அடியையும் தாண்டியது. 1989 ஜூனில் 9 அடிக்கு மேல் ஏறியது. 2016 மே மாதத்தில் 7 அடியைக் கடந்தபோதே கொலன்னாவ, கடுவெலப் பகுதிகளில் இலட்சக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். 1947ஐ விடவும் 5 அடி குறைவான வெள்ளம் அதற்கு இணையான துயரத்தைத் தந்தமைக்குக் காரணம், அன்று வயலும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தில் இன்று வீடுகள் நிற்பதேயாகும்.

ஹெந்தளை, வத்தளைக்கு வடக்கே 3,000 ஹெக்டேயரளவில் பரந்துள்ள முத்துராஜவெலச் சதுப்புநிலம் வெள்ளத்தை உறிஞ்சி வைத்து மெல்ல விடும் இயற்கைத் தொட்டியாகும். அதன் ஓரங்கள் நிரப்பப்படும் ஒவ்வொரு தடவையும், அங்கு தங்க வேண்டிய நீர் அயலிலுள்ள வீடுகளைத் தேடிச் செல்கின்றது.

'நூறாண்டு வெள்ளம்' என்பதன் பொருள்

விற்பவரும் தரகரும் வழமையாகச் சொல்லும் ஒரு வார்த்தை, "அது எப்போதோ ஒருமுறை வந்த வெள்ளம்" என்பதாகும். 'நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்' என நிபுணர் கூறுவது, ஒருமுறை வந்தால் இன்னும் நூறாண்டுக்கு வராது என்ற பொருளில் அன்று. எந்த ஓராண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் கருத்து. 30 ஆண்டு வீட்டுக்கடன் செலுத்தி முடியுமுன் அத்தகைய வெள்ளத்தை ஒரு தடவையேனும் காண்பதற்கான வாய்ப்பு 26 சதவீதம். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளமாயின் அவ்வாய்ப்பு 96 சதவீதம். வரும் என்றே கொள்ள வேண்டும்.

இதனைப் பணத்தில் பார்ப்போம். மேட்டுநிலத்து வீட்டைவிடத் தாழ்நிலத்து வீடு 10 இலட்சம் ரூபா மலிவாகக் கிடைப்பதாக வைத்துக் கொள்வோம். பத்தாண்டுக்கு ஒருமுறை வெள்ளம் புகுந்து, தளபாடம், குளிர்சாதனப் பெட்டி, மின்னிணைப்பு, சுவர்ப்பூச்சு, இழந்த நாட்சம்பளம் யாவும் சேர்ந்து 6 இலட்சம் ரூபா நட்டமாகுமெனின், 30 ஆண்டில் 18 இலட்சம் ரூபா போய்விடும். மலிவு என்று எண்ணியது தவணை முறையில் ஆற்றுக்குச் செலுத்தும் வாடகையாகி விடுகின்றது. பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், வயோதிபரின் மருந்துகள் ஆகியவற்றின் இழப்பு இக்கணக்கில் சேரவில்லை.

கைச்சாத்திடுமுன் பார்க்க வேண்டியவை

முதலாவது, உறுதி. காணிப் பதிவகத்தில் உரித்துத் தேடும்போது யார் யாருக்கு விற்றார் என்பதோடு நின்றுவிடாமல், பழைய உறுதிகளிலும் நில அளவைப் படங்களிலும் அக்காணி எவ்வாறு விவரிக்கப்பட்டுள்ளது என்பதையும் நொத்தாரிசிடம் கேட்டறிதல் வேண்டும். வயல் என்றோ சதுப்பு என்றோ குறிக்கப்பட்டிருந்தால் அது நிரப்பப்பட்ட நிலம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, அனுமதியின்றி நெற்காணியை நிரப்புதல் குற்றமாகும். அந்த அனுமதிப் பத்திரத்தைக் காட்டும்படி கேட்பது வாங்குபவரின் உரிமை.

இரண்டாவது, பெயர். நம் முன்னோர் நிலத்தைப் பார்த்தே பெயரிட்டனர். சிங்களத்தில் 'வெல', 'தெனிய', 'வில' என முடியும் பெயர்கள் வயலையும் பள்ளத்தையும் நீர்நிலையையும் சுட்டுவன. 'கொட' என்பது மேடு. தமிழில் பள்ளம், தாழ்வு, வெளி ஒருபுறமும், மேடு, திட்டி மறுபுறமும் நிற்கின்றன. பெயர் மட்டுமே சான்றாகாது. ஆயினும் ஒரு கேள்வியை எழுப்ப அது போதும்.

மூன்றாவது, அனுமதிகள். கடற்கரையின் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் உட்புறம்வரை 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் வலயமாகும். கடலோடு இணைந்த ஆறு, களப்புகளில் அது 2 கிலோமீற்றர்வரை உட்செல்கின்றது. இவ்வலயத்தில் கட்டுவதற்குத் தனி அனுமதி தேவை. வீட்டின் கட்டட வரைபட அங்கீகாரம், கட்டி முடித்தபின் வழங்கப்படும் ஒத்திசைவுச் சான்றிதழ், ஆற்று ஒதுக்கு நில எல்லை ஆகியவற்றை உள்ளூராட்சி மன்றத்திலும் நகர அபிவிருத்தி அதிகாரசபையிலும் சரிபார்த்தல் வேண்டும். ஆற்றுக்கும் வெள்ளத் தடுப்பு அணைக்கும் இடையில் அமைந்த காணியாயின், அந்த அணை ஆற்றின் பக்கம் வாழ்பவருக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. வங்கி கடன் தந்துவிட்டது என்பதும் வெள்ளம் வராது என்பதற்கு அத்தாட்சி அன்று.

நான்காவது, அயலவர். 1989, 2016, 2025 ஆகிய ஆண்டுகளில் நீர் எவ்வளவு உயரம் நின்றது, எத்தனை நாள் நின்றது என்பதைக் கிராம உத்தியோகத்தரிடமும், பள்ளிவாசல், கோயில், பாடசாலை ஆகியவற்றின் பொறுப்பாளரிடமும், மூலைக் கடைக்காரரிடமும் கேட்டால் உண்மை தெரிய வரும். சுவரில் நீர்க்கோட்டை மறைக்கப் புதுச் சாயம் பூசலாம். ஊரின் ஞாபகத்திற்குச் சாயம் பூச முடியாது. மே, ஜூன் மாதங்களிலோ ஒக்டோபர், நவம்பரிலோ, பலத்த மழைக்கு மறுநாள் சென்று பார்த்தல் நன்று. வெயில் நாளில் எல்லா வீடும் நல்ல வீடே.

ஐந்தாவது, காப்புறுதி. வங்கிக்காக எடுக்கப்படும் தீக்காப்புறுதியில் வெள்ளம் தானாகவே அடங்கிவிடுவதில்லை. அது எழுத்தில் சேர்க்கப்பட்டுள்ளதா எனப் பார்த்துக் கொள்ள வேண்டும். வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் குடும்பங்கள் தக்காஃபுல் முறையிலும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு

வாங்கிவிட்டவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. மின்செருகிகளையும் பிரதான ஆளியையும் பழைய வெள்ளக் கோட்டுக்கு மேலே உயர்த்தலாம். மலசலகூடக் குழியின் வாயை இறுக மூடலாம். வசதி கிட்டும்போது கூரையின் ஒரு பகுதியையேனும் கொங்கிரீட் தட்டாக மாற்றி, ஏறி ஒதுங்க இடம் செய்யலாம். உறுதியும் சான்றிதழ்களும் நீர்புகாப் பையில் உயரமான இடத்தில் இருத்தல் நலம். ஹங்வெல்ல அளவுகோலில் நீர் ஏறும்போதே முதியோரையும் குழந்தைகளையும் அப்புறப்படுத்த வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மேலே ருவான்வெல்லையில் உறவினர் இருப்பவர்களுக்கு இன்னுமொரு வசதி உண்டு: குருகொட ஓயா பெருகுவதை அவர்கள் ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லிவிடலாம்.

சென்னை இப்பாடத்தை 2015 டிசம்பரில் கற்றது. அடையாற்றங்கரையும், பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்த வேளச்சேரியும் மூழ்கியபோது தரைத்தளத்தில் இருந்தவர்களே அனைத்தையும் இழந்தனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே இடங்களில் அதே காட்சி மீண்டது. கடல்மட்டமும் நிலையாக நிற்கப் போவதில்லை. காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மாசுவெளியேற்றம் மிகவும் குறைந்தாலும் இந்நூற்றாண்டின் முடிவில் கடல் ஏறத்தாழ 28 முதல் 55 சென்ரிமீற்றர் வரை உயரும். மிகவும் கூடினால் ஒரு மீற்றரை எட்டலாம். பேரப்பிள்ளைகளுக்கென்று வாங்கும் வீட்டுக்கு இக்கணக்கும் பொருந்தும்.

கடமை யாருடையது?

எல்லாப் பொறுப்பையும் வாங்குபவரின் தலையில் ஏற்றுவது நீதியாகாது. ஐக்கிய அமெரிக்காவில் 1970களிலிருந்து அபாய வலயத்து வீட்டுக்குக் கடன் தரும் வங்கி வெள்ளக் காப்புறுதியைக் கட்டாயமாகக் கோருகின்றது. இங்கிலாந்தில் முகவரியைக் கொடுத்தே அவ்விடத்தின் வெள்ள அபாயத்தை எவரும் இலவசமாக அறியலாம். நம் நாட்டிலும் மலைப்பிரதேசங்களில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கோரப்படுகின்றது. மலையில் மண்ணைப் பற்றிக் கேட்கும் அரசு, கடலோரத்தில் விற்பனை நடக்கும்போது தண்ணீரைப் பற்றியும் கேட்கலாம். பழைய வெள்ள உயரத்தைக் குறிப்பிட்டு உள்ளூராட்சி மன்றம் வழங்கும் ஒரு பக்கச் சான்று, ஒவ்வொரு உறுதியோடும் இணைக்கப்படுமாயின் பல குடும்பங்கள் தப்பும்.

விற்பவருக்கும் கடமை உண்டு. நம் நாட்டில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டம் மறைந்த குறைபற்றிப் பேசுகின்றது; ஆயினும் ஆண்டுக்கணக்கில் வழக்காட ஏழைக்கு வசதி ஏது? நனைந்த தானியத்தின் மீது உலர்ந்ததைப் பரப்பி விற்ற வணிகரை நபிகள் நாயகம் கண்டித்த நிகழ்ச்சி முஸ்லிம் வாசகர் யாவரும் அறிந்தது. வெள்ளக்கறை படிந்த சுவரின் மீது சாயம் பூசி விற்பது அதற்கு வேறானதன்று. தமிழர் போற்றும் வணிக நெறியும் குறையை மறைத்து விற்பதை ஏற்பதில்லை.

தோட்டத்து லயன் அறையில் சொந்தக் காணியின்றி நான்கு தலைமுறை வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு முதன்முதலாகக் கைக்கு வரும் உறுதிப்பத்திரத்தின் பெறுமதியை நாம் அறிவோம். அதனாலேயே, அந்த உறுதி எந்த மண்ணுக்குரியது என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்கும்படி கேட்டுக் கொள்கின்றோம். சிறிய வீடாயினும் மேட்டில் அமைவது மேல். அது கிடைக்கும்வரை இன்னும் இரண்டு ஆண்டுகள் வாடகைக்கு இருப்பதும் நட்டமன்று.