உங்களுக்குத் தெரியுமா? பாவித்த ஹைபிரிட் கார் வாங்கும் முன்!

மாத்தளை டவுனிலோ தம்புள்ளையிலோ கார் சேலுக்குள் கால் வைக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! இதைப் படித்துவிட்டுப் போங்கள். விற்பவரே வாயைப் பிளக்கும் சமாசாரமெல்லாம் கைவசம் இருக்கிறது!

பற்றரிப் புதினங்கள்

★ பிரியஸின் பெரிய பற்றரி ஒரே பற்றரி என்றா நினைத்தீர்கள்? 2ஆம், 3ஆம் தலைமுறைப் பிரியஸில் 28 துண்டுகள். துண்டுக்கு 6 செல். மொத்தம் 168!

★ ஒரு செல்லுக்கு எத்தனை வோல்ட்? வெறும் 1.2! டிவி ரிமோட்டில் போடுகிற சார்ஜ் செல்லுக்கும் அதே 1.2தான். 168 செல் கைகோத்தால் 201.6 வோல்ட்!

★ அதுவும் போதாதாம்! 3ஆம் தலைமுறைப் பிரியஸின் இன்வெர்ட்டர் அதை 650 வோல்ட் வரை ஏற்றுகிறது. நம் வீட்டு பிளக்கில் வருவதே 230தான்!

★ தம்பி அக்வா சின்னவன். 20 துண்டு, 120 செல், 144 வோல்ட். அவனும் இலேசுப்பட்டவன் இல்லை. ஏற்றினால் 520!

★ போனட்டுக்குள் ஆரஞ்சு நிற வயர் தெரிகிறதா? கை வைக்காதீர்கள்! உயர் அழுத்த மின்சாரம் ஓடும் வயருக்கு மட்டும்தான் அந்த நிறம்!

★ ஸ்கேனரில் ‘பி0ஏ80’ என்று வந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள். ‘ஹைபிரிட் பற்றரியை மாற்று’ என்பதற்கான குறி அது. ஒரே ஒரு துண்டு படுத்தாலே வந்துவிடும்!

★ செத்த துண்டை மட்டும் கழற்றி, வேறொன்றைச் சொருகி, குறியை அழித்து விற்கிற கில்லாடிகள் இருக்கிறார்கள். புதுசு ஒன்று, பழசு 27. ஒத்துப்போகுமா? அடுத்த துண்டும் வரிசையில் நிற்கும்! “முழுசா மாத்தினதா, துண்டு மாத்தினதா? பில் இருக்கா?” என்று ஒரே மூச்சில் கேளுங்கள்!

★ குறியை அழித்தாலும் தடயம் போகாது! அழித்த பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று பல கார்கள் தனியாகக் கணக்கு வைத்திருக்கும். நேற்று அழித்தது இன்று ஸ்கேனரில் சிரிக்கும்!

★ பிரியஸில் 28 துண்டும் இரண்டிரண்டாக 14 ஜோடி. ஒவ்வொரு ஜோடியின் வோல்ட்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம். கராஜ்கூட வேண்டாம். சின்ன ஓபிடி கருவி, கையில் ஒரு போன், ‘டாக்டர் பிரியஸ்’ செயலி. வைத்தியர் உங்கள் சட்டைப்பையில்!

★ திரையில் பற்றரிக் கோடுகளைக் கவனியுங்கள். ஏற்றத்தில் சடசடவென்று இறங்கி, இறக்கத்தில் மளமளவென்று நிரம்புகிறதா? சந்தோஷப்படாதீர்கள். பற்றரி சுருங்கிவிட்டது!

★ பற்றரிக்கும் மூச்சு உண்டு! பின்னிருக்கைப் பக்கம் ஒரு சின்ன பிளாஸ்டிக் வலைக்கதவு இருக்கும். போன் டோர்ச்சை அடித்து உள்ளே எட்டிப் பாருங்கள். தூசி, நாய்முடி, பிஸ்கட் தூள், ஒரு கச்சான் தோல். அவ்வளவும் பற்றரி மூச்சுக்குழாயில்!

★ அந்த வலை அடைத்தால் பற்றரி கொதிக்கும். கொதித்தால் ஆயுள் போகும். துடைக்க ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். துடைக்காமல் விட்டால் போவது முழுப் பற்றரி!

★ ஒரே மாவட்டம், இரண்டு காலநிலை! நக்கிள்ஸ் அடிவாரத்தில் குளிர், தம்புள்ளையில் வெயில். பற்றரிக்குப் பிடிக்காதது சூடு. “கார் இதுவரை எந்தப் பக்கம் ஓடினது?” என்றும் கேளுங்கள்!

★ 201 வோல்ட் பற்றரி நிறைய இருந்தும் கார் உயிர்க்காமல் போகலாம்! காரணம், ஒரு சின்ன 12 வோல்ட் பற்றரி. அது படுத்தால் ‘ரெடி’ விளக்கு எரியாது. யானை நிற்கிறது, பாகன் தூங்குகிறான்!

★ அக்வாவில் அந்தச் சின்னப் பற்றரி எங்கே? போனட்டைத் திறந்து தேடாதீர்கள். பின்னிருக்கைக்கு அடியில்! அதன் வாயு வெளியே போகத் தனிக் குழாய் வேண்டும். சாதாரணப் பற்றரியை அங்கே திணித்திருக்கிறார்களா என்று பாருங்கள்!

என்ஜின் பக்கம்

★ டொயோட்டா ஹைபிரிட்டில் ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. ஓல்டர்னேட்டர் கிடையாது. கிளட்ச்சும் கிடையாது! “கிளட்ச் புதுசு போட்டிருக்கு” என்று ஒருவர் அக்வாவை விற்க வந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாருங்கள்!

★ 2009இல் வந்த 3ஆம் தலைமுறைப் பிரியஸ் என்ஜினில் ஃபேன் பெல்ட்டே இல்லை. தண்ணீர்ப் பம்புகூட மின்சாரத்தில் ஓடும். பெல்ட் எண்ணிக்கை: 0!

★ தண்ணீர் போத்தல் ஒன்றல்ல, இரண்டு! என்ஜினுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று. பல பேர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் இரண்டையும் பாருங்கள்!

★ கார் பார்க்கப் போனதும் முதல் வேலை, போனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கிறதா? உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் பண்ணிவிட்டார்கள். “ஆறட்டும், பிறகு வாறேன்” என்று டீ குடிக்கப் போங்கள்!

★ ஏன் இந்தப் பிடிவாதம்? 3ஆம் தலைமுறைப் பிரியஸின் பெரிய வருத்தம் விடியற்காலையில்தான் தெரியும். முதல் ஸ்டார்ட்டில் என்ஜின் ‘டகடக’வென்று குலுங்கினால், ஹெட் கேஸ்கட் கசிந்து தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். சூடான என்ஜினில் இந்தக் குலுக்கல் ஒளிந்துகொள்ளும்!

★ சாரதிக் கதவைத் திறந்ததும் ‘உய்ங்’ என்று ஒரு சத்தம். பயப்படாதீர்கள். பிரேக் பம்ப் தயாராகிறது. ஆனால் பிரேக்கைத் தொடாமலே சில விநாடிக்கு ஒருதரம் அது கத்தினால்? அப்போது பயப்படுங்கள்!

★ ஏசி கேஸ் நிரப்பியதில்கூட வில்லங்கம் உண்டு! டொயோட்டா ஹைபிரிட்டின் ஏசி கம்பிரஷர் உயர் அழுத்த மின்சாரத்தில் ஓடுவது. அதற்கு ‘என்டி-11’ எண்ணெய் மட்டும்தான். சாதாரணக் காரின் எண்ணெய் கலந்தால் மின்கசிவு. ஸ்கேனரில் ‘பி0ஏஏ6’!

மலைப் பாதையில்

★ ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறிப் பாருங்கள். ஹைபிரிட்டுக்கு அதைவிடப் பெரிய பரீட்சை இந்த மாவட்டத்தில் இல்லை! ஸ்கேனரைப் போட்டுக்கொண்டே ஏறுங்கள். பற்றரியின் குணம் பாதி வழியிலேயே தெரிந்துவிடும்!

★ இறங்கும்போது என்ஜின் திடீரென்று இரைகிறதா? கோளாறு இல்லை! பற்றரி நிரம்பிவிட்டது. வருகிற மின்சாரத்தைப் போட இடமில்லை. அதனால் கார் என்ஜினைச் சும்மா சுழற்றி வேகத்தைப் பிடிக்கிறது!

★ கியர் லீவரில் ‘பி’ (B) என்றொரு எழுத்து, ‘டி’க்குப் பக்கத்தில். பல உரிமையாளர்கள் ஒருநாளும் தொட்டதில்லை. நீண்ட இறக்கத்துக்கென்றே வைத்தது!

★ ஹொண்டா ஃபிட் ஜிபி5, வெசல் ஹைபிரிட் இரண்டிலும் 7 கியர், இரட்டைக் கிளட்ச். ஏற்றத்தில் டிராபிக்கில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளட்ச் சூடாகி எச்சரிக்கை வரும். கண்டி வீதி நெரிசலில் ஓட்டிப் பார்த்துவிட்டே விலை பேசுங்கள்!

★ ஜிபி5 ஃபிட் 2013 செப்டெம்பரில் பிறந்தது. 2014 ஒக்டோபருக்குள் எத்தனை ரீகோல் தெரியுமா? 5!

★ அந்த 5ஆவது ரீகோலோடு ஹொண்டாவின் தலைவரே தன் சம்பளத்தில் வெட்டு வாங்கிக்கொண்டார். 20 சதவீதம், 3 மாதத்துக்கு!

★ டொயோட்டா மட்டும் என்ன? 2014 பெப்ரவரியில் இன்வெர்ட்டர் மென்பொருளுக்காக உலகெங்கும் திருப்பி அழைத்த பிரியஸ்கள் சுமார் 19 இலட்சம்! சேசி இலக்கத்தை டொயோட்டாவின் ஜப்பான் இணையத்தளத்தில் அடித்தால் ரீகோல் விவரம் வரும். மொழிபெயர்க்க உங்கள் போன் இருக்கிறது!

★ வேகன்ஆர் எம்எச்55எஸ்ஸும் ஹைபிரிட்தான். மோட்டாரால் மட்டும் எவ்வளவு நேரம் ஊரும்? மணிக்கு 13 கிலோமீற்றருக்குள், அதிகபட்சம் 10 விநாடி!

★ அதன் லிதியம் பற்றரி எங்கே? முன் பயணியின் இருக்கைக்கு அடியில்! உங்கள் மாமியார் உட்கார்ந்து வருவது பற்றரிக்கு மேல்!

★ அக்வாவின் பெரிய பற்றரியும் பின்னிருக்கைக்கு அடியில்தான். வெள்ளம் வந்தால் முதலில் நனையும் இடம்! 2025 நவம்பரில் டித்வா புயல் மாத்தளையை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கே தெரியும். “தண்ணி ஏறின காரா?” என்று கேட்டுவிட்டு, இருக்கைக்குக் கீழே கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். சேறு பொய் சொல்லாது!

★ பஞ்சரானால்? பல அக்வாவிலும் ஜிபி5இலும் ஸ்பெயார் டயரே இல்லை! ஒட்டும் திரவமும் காற்றுப் பம்பும் மட்டும். வாங்கும் முன் டிக்கியைத் திறந்து எண்ணுங்கள்!

ஜப்பான் இரகசியங்கள்

★ ஜப்பான் ஏலத் தாளில் ‘எச்25’ என்றிருந்தால் எந்த ஆண்டு? 2013! ‘எச்’ என்பது ஹெய்செய் என்ற ஜப்பானிய ஆண்டுக் கணக்கு. அதோடு 1988ஐக் கூட்டுங்கள். விற்பவர் 2015 என்கிறாரா? தாளை அவர் முகத்துக்கு நேரே பிடியுங்கள்!

★ அதே தாளில் தரம் ‘ஆர்’ என்று போட்டிருந்தால்? விபத்தில் அடிபட்டுத் திருத்திய கார்! ‘4.5’ என்றால் அருமை!

★ கார்ப் படத்தின் மேல் குட்டி எழுத்துகள். ‘ஏ’ கீறல், ‘யூ’ நெளிவு, ‘டபிள்யூ’ தட்டித் திருத்தியது, ‘எக்ஸ்எக்ஸ்’ மாற்றிய பாகம். எழுத்தோடு வரும் எண் பெரிதானால் காயமும் பெரிது!

★ சாரதிக் கதவைத் திறந்து ஓரத்தைப் பாருங்கள். ஜப்பானில் எண்ணெய் மாற்றியபோது ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் சில கார்களில் இன்னும் இருக்கும். ஓரம் மஞ்சளித்து, மூலை சுருண்டு. அதில் திகதியும் கிலோமீற்றரும்! ஸ்டிக்கரில் 84,000, மீட்டரில் 61,000 என்றால் யார் கெட்டிக்காரர்?

★ சீட் பெல்ட்டை அடிவரை இழுத்துப் பாருங்கள். நுனியில் ஒரு துணி லேபிள். பெல்ட் செய்த ஆண்டு அதில்! நான்கு பெல்ட்டில் ஒன்று மட்டும் புதுசா? கதை இருக்கிறது!

★ டயரில் 4 இலக்கம். ‘2319’ என்றால் 2019இன் 23ஆவது வாரம். டயர் தன் பிறந்த நாளை மறைப்பதே இல்லை!

★ ஜப்பான் எஃப்எம் ரேடியோ பழைய கணக்கில் 76 முதல் 90 வரைதான். நம் அலைவரிசைகள் 108 வரை போகும்! அலை மாற்றி போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் பெரும்பாலான ஸ்டேஷன் ஊமை!

★ சின்னப் பற்றரியைக் கழற்றி மாட்டினாலே சில டொயோட்டா ரேடியோ செட்கள் பூட்டிக்கொள்ளும். திறக்க ‘இஆர்சி’ கோட் வேண்டும். விற்பவரிடம் அது இருக்கிறதா?

★ ஏர்பேக் மாற்றியாகிவிட்டதா? டகாட்டா ஏர்பேக் விவகாரத்தில் உலகம் முழுக்கத் திருப்பி அழைத்தவை சுமார் 10 கோடி! வாகன வரலாற்றில் அதைவிடப் பெரிய ரீகோல் இல்லை!

கடதாசி வேலை

★ கார் அவருடையதா, லீசிங் கம்பனியுடையதா? மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தை அடித்தால் முழு உரிமையாளர் யார் என்று காட்டும். என்ஜின் இலக்கமும் வரும். போனட்டுக்குள் இருப்பதோடு ஒப்பிடுங்கள்!

★ பெயர் மாற்றாமல் கைமாறும் ‘ஓபன் பேப்பர்’ காரா? பெயர் மாறும்வரை பொலிஸ் தேடுவது பழைய ஆளைத்தான். உங்களிடம் இருப்பது சாவி மட்டும்!

★ சாவியும் ஒன்றா, இரண்டா? ஸ்மார்ட் சாவிக்குள் இன்னொரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். இழுத்துப் பாருங்கள், விற்பவருக்கே தெரியாமல் இருக்கும்!

★ மாத்தளை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். எந்தச் செயலகத்துக்குப் போனாலும் வருமான அனுமதிப் பத்திரத்துக்குப் புகைச் சான்றிதழ் வேண்டும். ஹைபிரிட்டுக்கும் விலக்கு இல்லை. பழைய சான்றிதழ்களை வாங்கிப் பாருங்கள், சிலதில் மீட்டர் கணக்கும் இருக்கும்!

மலைக்க வைக்கும் கணக்கு

★ முதல் பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997 டிசம்பரில். ஆனால் ஃபெர்டினாண்ட் போர்ஷே ஹைபிரிட் கார் செய்து ஓட்டிக் காட்டியது எப்போது? 1900இல்!

★ தனியார் கார் இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றது. திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரி 1. ஏறக்குறைய 5 வருடம், நாடே பழைய கார்களை மாற்றி மாற்றி விற்றது!

★ 2022 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா! அடுத்து வந்த கியூஆர் முறையில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். லீற்றருக்கு 20 கிலோமீற்றர் கொடுக்கும் ஹைபிரிட் என்றால் 400 கிலோமீற்றர். மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் 4 தடவை போய்த் திரும்பலாம்!

★ 2011இல் அக்வாவுக்கு ஜப்பான் கொடுத்த அதிகாரபூர்வ மைலேஜ் லீற்றருக்கு 35.4! அது பரிசோதனைக்கூடக் கணக்கு. “35 ஓடும் சேர்” என்பவரிடம், “ரிவர்ஸ்டன் ஏறும்போதா?” என்று கேளுங்கள்!

★ கடைசிக்கு வைத்திருந்த வெடி இதுதான்! ஹைபிரிட் என்ஜின் நின்ற இடத்தில் அணைந்துவிடும். பிறகு எப்படிச் சத்தம் கேட்டுப் பரிசோதிப்பது? பிரியஸில் ஒரு இரகசிய வழி உண்டு. பிரேக்கைத் தொடாமல் பவர் பட்டனை இரண்டு தரம் அழுத்துங்கள். பார்க்கில் அக்ஸிலேட்டரை முழுசாக இரண்டு மிதி. நியூட்ரலில் இரண்டு மிதி. திரும்பப் பார்க்கில் இரண்டு மிதி. பிறகு பிரேக்கை மிதித்து பவர் பட்டன். என்ஜின் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும்! மிதியெல்லாம் முடிய வேண்டியது 60 விநாடிக்குள். பிறகு விற்பவர் முகத்தைப் பாருங்கள். விலை பேச அதைவிட நல்ல நேரம் கிடையாது!