நீர்த் தண்டுச் செடிகளை இனங்காணும் முறை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சுற்றுப்புறங்களில் தொழிற்சாலைகள் பெருகியுள்ள போதிலும், ஏரியும் மதகும் கால்வாயும் நெல் சாகுபடிக்கு இன்றும் இன்றியமையாதனவே. கண்ணாடி மீன் தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்படும் தண்டுச் செடிகளின் வெட்டுத் துண்டுகள் கால்வாயை அடையுமாயின், சில இனங்கள் களையாகப் பரவக்கூடும். ஆகையால் இச்செடிகளை இனங்காணும் விதத்தை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

இவற்றை இலையைக் கொண்டு மட்டும் நிர்ணயித்தல் தகாது. லிம்னோபிலா என்னும் இனத்தில் சில வகைகளுக்கு நீருக்குள் இலை நூல்போலப் பிளவுபட்டும், நீருக்கு மேல் பிளவின்றியும் இருக்கும். வெளிச்சம், நீரின் ஆழம், மண்ணின் சத்து ஆகியவற்றிற்கேற்பத் தண்டின் பருமனும் கணுவிடைத் தூரமும் நிறமும் மாறுபடும். ஒரே செடியை இரண்டெனவும், இரண்டை ஒன்றெனவும் கருதிவிடுவது இதனாலேயே.

ஐயமுள்ள செடியில் மூன்று நான்கு கணுக்களுள்ள இரு துண்டுகளை எடுத்து, அடியிலைகளைக் கிள்ளிவிட வேண்டும். ஒன்றைத் தொட்டியில் 2 அங்குல மணலிலும், மற்றொன்றை ஈரமண் நிரம்பிய சட்டியிலும் ஊன்ற வேண்டும். தொட்டியில் உள்ளது நீர்மட்டத்தை எட்டியதும் நுனியை வெட்டி மீண்டும் நடலாம். சட்டியில் உள்ளது பூக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். பூவே நம்பத்தக்க அடையாளம்.

பொன்னாங்கண்ணியின் விஷயத்தில் இது மிகவும் முக்கியமாகும். அதனையொத்த அல்லிகேட்டர் களை தென்னமெரிக்காவில் தோன்றியது. இரண்டிலும் இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும், பூவும் வெண்மையே. ஆயினும் பொன்னாங்கண்ணியின் பூங்கொத்து காம்பின்றி இலைக்கக்கத்தில் ஒட்டியிருக்கும். களையின் பூவுருண்டையோ ஓர் அங்குலம் அல்லது அதற்கு மேற்பட்ட காம்பின் நுனியில் நிற்கும். ஆஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கையர் சிலர், கீரையென்று கருதி இக்களையையே தங்கள் தோட்டங்களில் வளர்த்து வந்தமை 1990களில் அறியப்பட்டது. தீங்கெண்ணமின்றி, தோற்ற ஒற்றுமையால் நேர்ந்த பிழை அது.

அல்லிகேட்டர் களை பெரும்பாலும் விதையாலன்றித் தண்டுத் துண்டினாலேயே பரவுகின்றது. ஒரு கணு போதும். அதிலிருந்து வேர்விட்டு, நீர்மேல் பாய்போல் படர்ந்து மதகையும் வாய்க்காலையும் அடைத்துவிடும். எனவே அதனை நீரில் நறுக்கிவிடலாகாது. சிறு திட்டாயிருக்கும்போதே வேருடன் களைந்து, ஒரு துண்டும் மிதந்து செல்லாதபடி கரையேற்றி, வெயிலில் முற்றும் உலர்த்தி எரித்துவிட வேண்டும். மீன் தொட்டிக் கழிவையும் பரிசோதனைச் சட்டியின் செடியையும் அவ்வாறே அழித்தல் வேண்டும்.

காம்புள்ள வெண்பூ ஏரியில் தென்படுமாயின், பாசன நீர் திறக்குமுன் வேளாண்மை அலுவலருக்குத் தெரிவிப்பது நலம். கரையோரத்தில் ஒரு நாளில் முடியும் வேலை, கால்வாய் முழுதும் பரவியபின் பல பருவங்களுக்கும் முடியாத வேலையாகிவிடும்.