பெயரால் வந்த வினை! அர்ச்சுனா விருதுக்குக் கோர்ட்டு படி ஏறிய குத்துச்சண்டை வீரர்

ஒரே தெருவில் இரண்டு முருகேசன் இருந்தால் என்ன ஆகும்? ஒருத்தருக்கு வந்த தபால் இன்னொருத்தர் வீட்டில் கிடக்கும். ஒருத்தர் வாங்கிய கடனுக்கு இன்னொருத்தர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். "அந்த முருகேசன் நான் இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லியே வாய் வலித்துப் போகும்.

இதே கூத்து நாட்டின் பெரிய விளையாட்டு விருது ஒன்றிலும் நடந்தது. மாட்டிக்கொண்டவர் தங்க மெடல் வாங்கிய குத்துச்சண்டை வீரர் மனோஜ்குமார். ஆண்டு 2014.

அரியானா வாலிபர்

மனோஜ்குமார் அரியானா மாநிலம் கைத்தல் மாவட்டத்தைச் சேர்ந்தவர். அவருக்குக் குத்துச்சண்டை சொல்லிக் கொடுத்த வாத்தியார் வேறு யாரும் அல்ல, சொந்த அண்ணன் ராஜேஷ்குமார்தான்.

2010-ம் ஆண்டு டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. அதில் 64 கிலோ எடைப் பிரிவில் மனோஜ்குமார் இறங்கினார். இறுதிச் சண்டையில் இங்கிலாந்து வீரரைத் தோற்கடித்து தங்க மெடலைத் தட்டிக்கொண்டு போனார். 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காகச் சண்டை போட்டார்.

இத்தனை செய்தவருக்கு அர்ச்சுனா விருது நிச்சயம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

விருது யாருக்கு?

அர்ச்சுனா விருதை மத்திய அரசு 1961-ம் ஆண்டு தொடங்கியது. வில் ஏந்திய அர்ச்சுனன் சிலையும், பாராட்டுப் பத்திரமும், ரொக்கமும் கொடுப்பார்கள். ரொக்கம் அப்போது ரூ.5 லட்சம். 2020-ல் ரூ.15 லட்சமாக உயர்த்தினார்கள்.

முதல் ஆண்டுப் பட்டியலிலேயே டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன், செஸ் வீரர் மானுவேல் ஆரோன் ஆகிய இரண்டு பேரும் இருந்தார்கள். குத்துச்சண்டைக்காக 1995-ம் ஆண்டு விருதைப் பெற்றவர் சென்னை வீரர் தேவராஜன். எனவே இந்த விருது நம்ம ஊருக்குப் புதிது அல்ல.

இதை வாங்க மெடல் மட்டும் போதாது. நான்கு ஆண்டுகளாக நன்றாக ஆடியிருக்க வேண்டும். தலைமைப் பண்பு, ஒழுங்கு, விளையாட்டுக்கு உரிய நேர்மை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஊக்க மருந்து சாப்பிட்டு மாட்டியவர் என்றால் கதவு அடைத்ததுதான்.

அந்தக் கதவுதான் மனோஜ்குமார் முகத்தில் அடித்தது.

பட்டியலில் பெயர் இல்லை

2014-ல் தேர்வுக் குழுவுக்குத் தலைவர் கிரிக்கெட் வீரர் கபில்தேவ். குழு 15 பேரைத் தேர்ந்தெடுத்தது. மனோஜ்குமார் பெயரைக் காணோம். அதே டெல்லி போட்டியில் வெண்கல மெடல் வாங்கிய குத்துச்சண்டை வீரர் ஒருவர் பட்டியலில் இருந்தார். தங்கம் வாங்கியவர் வெளியே நின்றார்!

மத்திய விளையாட்டு அமைச்சகத்திடம் முறையிட்டும் பயன் இல்லை. ஆகஸ்டு 29-ந் தேதி ஜனாதிபதி மாளிகையில் விழா நடந்தது. மற்றவர்கள் மேடை ஏறி விருது வாங்கினார்கள்.

"போகட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மனோஜ்குமார் இருந்துவிடவில்லை. டெல்லி ஐகோர்ட்டில் வழக்குப் போட்டார்.

குட்டு உடைந்தது

கோர்ட்டில்தான் விஷயம் வெளியே வந்தது. மனோஜ்குமார் என்ற அதே பெயரில் வேறு ஒரு விளையாட்டு வீரர் இருந்தார். ஊக்க மருந்து சோதனையில் சிக்கியவர் அவர். இந்த மனோஜ்குமாரை அந்த மனோஜ்குமார் என்று தவறாக நினைத்துப் பெயரை ஒதுக்கிவிட்டார்கள்!

ஆள் ஒன்றல்ல, பெயர் மட்டும் ஒன்று. ஒரு பைலைப் பிரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்க ஆள் இல்லை.

கோர்ட்டு தட்டிக் கேட்டதும் அமைச்சகம் தவறை ஒப்புக்கொண்டது. விருது கொடுக்க சம்மதித்தது. 2014 நவம்பர் மாதம் மத்திய விளையாட்டு மந்திரி சர்பானந்த சோனோவால் கையால் அர்ச்சுனா சிலை மனோஜ்குமார் கைக்கு வந்தது. ஜனாதிபதி மாளிகை விழா மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. அது முடிந்து 3 மாதம் ஆகிவிட்டது.

பணமா பெரிசு?

ரூ.5 லட்சத்துக்காகவா இவ்வளவு ஓட்டம் என்று சிலர் கேட்கலாம். கோர்ட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏன் விருது இல்லை என்ற காரணம் கடைசி வரை அவருக்கே தெரிந்திருக்காது. ஊக்க மருந்து என்ற கறை மட்டும் ஏதோ ஒரு பைலில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கும். அடுத்த ஆண்டு குழுவும் அதே பைலைத்தான் புரட்டியிருக்கும்.

விருது வாங்கிய பிறகும் அவர் கையுறையைக் கழற்றவில்லை. 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். 2018 காமன்வெல்த் போட்டியில், முன்பைவிடக் கனமான 69 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினார். 2025-ல் தான் ஓய்வை அறிவித்தார்.

ரேஷன் கார்டில் ஓர் எழுத்து தப்பினாலே ஆபீஸ் ஆபீசாக நடக்க வேண்டியிருக்கிறது. தப்பு அவர்களுடையது, நடை நம்முடையது. தங்க மெடல் வாங்கியவருக்கும் அதே நடைதான். ஆனால் அவர் பாதியில் திரும்பவில்லை.

மேடையில் வென்றது தங்கம். கோர்ட்டில் வென்றது பெயர்.